திருந்த வேண்டியது யார்?

ஏற்கெனவே பெரும்பான்மையினர் கிறிஸ்தவர்களாக இருக்கும் ஒரு நாட்டுக்கு, கிறிஸ்துவை அறிவிக்க ஊழியக்காரர்கள் ஏன் போக வேண்டும்? கேட்டால் சிரிப்பு வரும் கேள்விதான். ஆனால் அந்த ஊழியக்காரர்கள் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

ஸ்லோவாக்கியாவை எடுத்துக்கொள்வோம். மத்திய ஐரோப்பாவில் சுமார் 54 லட்சம் பேர் வாழும் சிறிய நாடு. 1989 வரை செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியாகக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சியில் இருந்தது. 1993இல் தனிநாடானது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 55.8 விழுக்காட்டினர் தங்களை ரோமன் கத்தோலிக்கர் என்று பதிந்திருக்கிறார்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு இது 62 விழுக்காடு. ஊருக்கு ஊர் கோயில் கோபுரமும், வழிநெடுகச் சிலுவையும் இருக்கும் நாடு. கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு, இங்கே பெந்தெகொஸ்தே, சுவிசேஷ சபைகளின் ஊழியம் வேர்பிடித்த இடங்களில் முக்கியமானவை கிழக்கு ஸ்லோவாக்கியாவின் ரோமா குடியிருப்புகள்.

ரோமா மக்களைத்தான் உலகம் நீண்ட காலமாக 'ஜிப்சி' என்று அழைத்தது. அந்தச் சொல்லில் இருக்கும் இழிவை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வடமேற்கு இந்தியப் பகுதியிலிருந்து மேற்கே நகர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். எண்ணிக்கையை 'யேக், துய், திரின், ஷ்டார், பாஞ்ச்' என்று தொடங்குகிறார்கள். மனிதனுக்கு அவர்கள் மொழியில் 'மனுஷ்'. 'ரோம்' என்ற பெயரே 'டோம்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது மொழியியலாளர்கள் பலரும் ஏற்கும் கருத்து. வட இந்தியாவில் டோம் யார், பிணம் எரிக்கும் வேலையை யார் தலையில் கட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும். பெயரின் வேரை வைத்து மட்டும் ஒரு மக்களின் முழு வரலாற்றையும் எழுதிவிட முடியாது. ஆனாலும் அந்த வேர் நம் மண்ணில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படிக்கலாம்.

ஸ்லோவாக்கியாவில் ரோமா மக்கள் 4 லட்சத்துக்கும் மேல் இருப்பார்கள் என்று குடியிருப்பு வாரியாக எடுத்த மதிப்பீடுகள் சொல்கின்றன. 2021 கணக்கெடுப்பிலோ, இரண்டாவது தேசிய இனமாகக் குறிப்பிட்டவர்களையும் சேர்த்தே, சுமார் 1,56,000 பேர்தான் 'நான் ரோமா' என்று எழுதினார்கள். மற்றவர்கள் ஏன் எழுதவில்லை? சென்னையில் வாடகைக்கு வீடு தேடும்போது சொந்த ஊரின் பெயரைச் சொல்லத் தயங்கும் எந்தத் தோழரும் இதற்குப் பதில் சொல்லிவிடுவார்.

இந்த மக்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர்கள்தான். பிறந்தால் கோயில், செத்தால் கோயில். இடைப்பட்ட வாழ்க்கையில் அந்தக் கோயிலில் அவர்களுக்கு என்ன இடம் என்பதுதான் கேள்வி.

இங்கே கத்தோலிக்கத் திருச்சபையின் பக்கம் இருக்கும் நியாயத்தை மறைக்க நான் விரும்பவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சியில் அது பட்ட பாடு உண்மையானது. 1950 ஏப்ரலில் ஒரே இரவில் ஆண் துறவிகளின் மடங்கள் வளைக்கப்பட்டு, துறவிகள் லாரிகளில் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். அதே மாதம் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை என்ற ஒன்றே இல்லை என்று ஆக்கப்பட்டது. 1968இல்தான் அது மீண்டும் செயல்பட முடிந்தது. பாதிரியார்கள் சிறைக்குப் போனார்கள், ரகசியமாகக் குருப்பட்டம் பெற்றார்கள். 1988 மார்ச் 25 அன்று பிராட்டிஸ்லாவாவில் கையில் மெழுகுவத்தியோடு மத உரிமை கேட்டு நின்ற மக்கள்மீது தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது காவல்துறை. அடுத்த ஆண்டே அந்த ஆட்சி விழுந்தது. இத்தனையையும் தாங்கி நின்ற திருச்சபைக்கு மக்களிடம் மரியாதை இருப்பது இயல்பு.

ஆனால் ஒடுக்கப்பட்ட திருச்சபை, ஒடுக்கப்பட்டவர்களின் திருச்சபையாகத் தானாக மாறிவிடுவதில்லை. அதன் வரலாறும் 1950இல் தொடங்கவில்லை. 1939 முதல் 1945 வரை ஹிட்லரின் தயவில் நடந்த ஸ்லோவாக் அரசின் தலைவர் யோசெப் திசோ ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். யூதர்களை ரயிலேற்றி மரண முகாம்களுக்கு அனுப்பியது அந்த அரசு. 1941இல் அதே அரசு இன்னோர் ஆணையும் போட்டது: பொதுச்சாலை ஓரத்தில் இருக்கும் ரோமா வீடுகளைப் பிரித்து, ஊராட்சி காட்டும் ஒதுக்குப்புறத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஊருக்கு வெளியே சேரி எப்படி உருவாகிறது என்பதற்கு இவ்வளவு வெளிப்படையான அரசாணை கிடைப்பது அரிது.

பிறகு வந்த கம்யூனிஸ்ட் கட்சி என்ன செய்தது? வீடு கொடுத்தது, வேலை கொடுத்தது, பள்ளிக்கு அனுப்பியது. அதை மறுக்கக் கூடாது. 1989க்குப் பிறகு முதலில் வேலையிழந்தவர்களில் ரோமாக்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் ரோமா என்பதை ஒரு மக்களின் அடையாளமாகக் கட்சி பார்க்கவில்லை. ஒழித்துக்கட்ட வேண்டிய பின்தங்கிய பழக்கமாகப் பார்த்தது. 1958இல் நாடோடி வாழ்க்கையைத் தடைசெய்து சட்டம் போட்டது. 1970களில் ரோமா பெண்களுக்குப் பணம் காட்டியும் மிரட்டியும் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. அந்தக் கொடுமை ஜனநாயகம் வந்த பிறகும் நிற்கவில்லை. ஒப்புதலின்றிக் கருத்தடை செய்யப்பட்ட ஒரு ரோமா பெண்ணின் வழக்கில் 2011இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அரசு மன்னிப்புக் கேட்டது 2021இல்.

பாதிரியாரின் அரசு, பாட்டாளியின் அரசு, வாக்குப்பெட்டியின் அரசு. மூன்றும் ஒன்றை ஒன்று வெறுத்தன. ஆனால் 'ரோமாவைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்க வேண்டும்' என்பதில் மூன்றுக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் ஊழியக்காரர் வருகிறார்.

ரோமா பெந்தெகொஸ்தே எழுச்சியின் கதை 1950களில் பிரான்சின் பிரித்தானிப் பகுதியில், கிளெமான் லெ கொசெக் என்ற போதகரிடம் தொடங்குகிறது. அவர் ரோமா அல்ல. ஆனால் ரோமாக்களையே போதகர்களாக்கினார் என்பதுதான் அந்த இயக்கத்தின் பலம். 1989க்குப் பிறகு எல்லை திறந்ததும் மேற்கு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மிஷன்கள் கிழக்கே வந்தன. ஸ்லோவாக்கியாவில் அது விரைவிலேயே உள்ளூர் ஊழியமாகவும் மாறியது. குடியிருப்புக்குள் வந்து, வீட்டுக்குள் உட்கார்ந்து, அவர்கள் வைத்ததைச் சாப்பிட்டு, அவர்கள் இசையிலேயே பாடி ஜெபித்தார்கள். நேற்றுவரை ஊரே கைநீட்டிப் பேசிய ஆள் இன்று கையில் வேதத்தோடு எழுந்து நிற்கிறார், நாலு பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

இது சின்ன விஷயமல்ல. ஸ்லோவாக் அறிவியல் கழகத்தின் இனவரைவியல் நிறுவனத்தைச் சேர்ந்த தத்யானா பொடோலின்ஸ்காவும் தோமாஷ் ஹ்ருஸ்டிச்சும் ரோமா குடியிருப்புகளில் நடக்கும் மத ஊழியங்களை ஆராய்ந்து 2010இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஊழியம் ஊன்றிய இடங்களில் குடியும் சூதாட்டமும் குறைந்ததையும், கடனும் கந்துவட்டியும் தளர்ந்ததையும், பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காகப் போகத் தொடங்கியதையும் அவர்கள் பதிவுசெய்தார்கள். அரசின் திட்டங்கள் காகிதத்தில் தேடிய மாற்றம் இது.

'மதம் அபின்' என்று ஒரு வரியில் கடந்துபோகும் தோழர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கந்துவட்டிக்காரனிடமிருந்து ஒரு குடும்பம் விடுபட்டதை அபின் கணக்கில் எழுதாதீர்கள். 'வெளிநாட்டுக் காசு', 'ஏமாந்த சனங்கள்' என்ற பேச்சும் வேண்டாம். 'கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மதம் மாறினவன்' என்று நம் தாத்தா பாட்டிகளைப் பார்த்துப் பேசிய அதே வாய்தான் அது. ஏழைக்குச் சொந்தமாக யோசிக்கும் மூளை கிடையாது, யாராவது விலைக்கு வாங்கினால்தான் அசைவான் என்பது அந்தப் பேச்சின் பொருள். தன்னை மதித்து ஒருவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது ரோமாவுக்கு முக்கியமாகப் பட்டது. பட்டதில் என்ன தவறு?

அந்தக் குடியிருப்புகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். தங்களை 'ஜூஜே', அதாவது சுத்தமானவர்கள், என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள், குதிரைக் கறி, நாய்க் கறி சாப்பிடுகிறவர்கள் என்று சிலரை 'டெகெஷ்' என ஒதுக்குகின்றன. அவர்கள் கைப்பட்ட சோற்றைத் தொடுவதில்லை. செக் அறிஞர் மிலேனா ஹியூப்ஷ்மனோவா இந்த அமைப்பை இந்திய சாதியோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் எதைச் சொன்னாரோ, அதன் நிழல் அங்கேயும் விழுகிறது. ஒரு சபை இந்த இரண்டு தரப்பையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால், அதை நான் எந்த அற்புத சுகத்தைவிடவும் பெரிய அற்புதமாக எடுத்துக்கொள்வேன்.

இவ்வளவும் சொன்ன பிறகுதான் என் விமர்சனத்துக்கு வருகிறேன். பெந்தெகொஸ்தே சாட்சி என்பதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. முன்பு நான் குடித்தேன், அடித்தேன், திருடினேன். பிறகு தேவன் என்னைத் தொட்டார். இப்போது நான் புதிய மனிதன். ஒரு தனிமனிதருக்கு இந்தக் கதை உயிர் கொடுக்கலாம். ஆனால் ஒரு மக்கள் கூட்டமே தன் நிலையை இந்தக் கதையால் விளக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? நம் துன்பத்துக்குக் காரணம் நம் பாவம், நாம் திருந்தினால் நம்மை மதிப்பார்கள் என்று ஆகும். பெரும்பான்மை ஸ்லோவாக்கியர்கள் நூறாண்டாகச் சொல்லிவருவதும் இதையேதான். ஒதுக்கியவனின் குற்றச்சாட்டு, ஒதுக்கப்பட்டவனின் பாவமன்னிப்பு ஜெபமாக மாறிவிடுகிறது.

ஒஸ்ட்ரோவனி என்று கிழக்கு ஸ்லோவாக்கியாவில் ஒரு கிராமம். 2009இல் ஊராட்சியே தன் பணத்தில் சுமார் 150 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவர் எழுப்பியது. ஒரு பக்கம் ரோமா குடியிருப்பு, மறுபக்கம் மற்றவர்களின் வீடுகள். உத்தப்புரத்துச் சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் இடித்தபோது பார்த்தவர்களுக்கு இந்தச் சுவரின் மொழி புரியும். பக்கத்து ஊரான ஷாரிஷ்ஸ்கே மிகால்யானியின் பள்ளியில் ரோமா பிள்ளைகளைத் தனி வகுப்புகளில், தனித் தளத்தில் உட்கார வைத்திருந்தார்கள். இது சட்டவிரோதப் பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. 2012இல் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. நாடு முழுதும் இதே நிலைதான் என்று ஐரோப்பிய ஆணையம் 2015இல் நடவடிக்கை தொடங்கி, 2023இல் ஸ்லோவாக்கியாவை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்கே இழுத்தது.

அந்தச் சுவர், குடிக்காத ரோமாவுக்கு ஒரு வாசல் வைத்துக் கட்டப்படவில்லை. தனித் தளத்து வகுப்பறையில் பிள்ளையை உட்கார வைத்தவர்கள், தகப்பன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறானா என்று கேட்டு உட்கார வைக்கவில்லை. தோலின் நிறத்தையும் குடும்பப் பெயரையும் முகவரியையும் பார்த்து மூடும் கதவு, மனம் திரும்பிய சாட்சியைக் கேட்டுத் திறப்பதில்லை. திருந்திய ரோமாவுக்கு அதிகபட்சம் கிடைப்பது ஒரு பாராட்டு: 'நீ மற்றவர்களைப் போல இல்லை.' நம் ஊரிலும் இந்தப் பாராட்டு உண்டு. 'பார்த்தா அந்த ஆளுங்க மாதிரியே தெரியல' என்று நம்மிடம் சொல்கிறவர் உண்மையில் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்பது நமக்குத் தெரியாதா?

அரசுக்கும் இது வசதி. சாலை போட வேண்டாம், தண்ணீர்க் குழாய் இழுக்க வேண்டாம், பள்ளியைக் கலக்க வேண்டாம். ஊழியக்காரர் உள்ளே போய் ஆட்களை அமைதிப்படுத்தினால் போதும். ஆனால் அந்த ஊழியத்துக்குச் சம உரிமை கொடுக்கவும் அரசுக்கு மனம் வராது. 2017இல் திருத்திய சட்டப்படி, ஸ்லோவாக்கியாவில் ஒரு புதிய மத அமைப்பு பதிவுபெற 50,000 வயதுவந்த உறுப்பினர்கள் வேண்டும். அதற்கு முன்பு 20,000. குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பியும் நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. குறி வைத்தது இஸ்லாமியர்களை. அடி விழுந்தது எல்லாச் சிறிய சபைகளுக்கும். பதிவில்லாவிட்டால் அரசு நிதி இல்லை, சபையில் நடக்கும் திருமணத்துக்குச் சட்ட மதிப்பு இல்லை, பள்ளியில் வேதம் கற்பிக்க முடியாது. அதனால் ரோமா மத்தியில் வேலைசெய்யும் சபைகள் சில, வெறும் குடிமக்கள் சங்கங்களாகப் பதிந்துகொண்டு இயங்குகின்றன. கத்தோலிக்கத் திருச்சபைக்கோ வத்திக்கானுடன் 2000ஆம் ஆண்டு அரசு போட்ட ஒப்பந்தமே இருக்கிறது. பாதிரியாருக்கு அரசு சம்பளம் தர வேண்டும் என்று 1949இல் கம்யூனிஸ்ட்கள் கட்டுப்பாட்டுக்காகப் போட்ட சட்டம், அவர்கள் போன பிறகும் முப்பது ஆண்டுகள் திருச்சபைக்குப் பயன்பட்டது. மதச் சுதந்திரம் கேட்டு மெழுகுவத்தி ஏந்திய நாடு, சின்ன சபைகளிடம் தலையெண்ணிக்கை கேட்கிறது.

கத்தோலிக்கத் தரப்பில் அசைவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கோஷிட்சே நகரின் ஓரத்தில், ரோமாக்களைக் குவித்துவைத்த அடுக்குமாடிக் குடியிருப்பான லூனிக் 9இல் சலேசிய சபையார் அந்த மக்களோடு வாழ்ந்து பணிசெய்கிறார்கள். போப் பிரான்சிஸ் 2021 செப்டம்பர் 14 அன்று அங்கே நேரில் போனார். 2019இல் ருமேனியாவில் ரோமா மக்களிடம் திருச்சபையின் பெயரால் மன்னிப்பும் கேட்டிருந்தார். மதிக்க வேண்டிய செயல்கள். ஆனால் போப் வந்த நாளில் குடியிருப்புக்குப் போன ஊர், மறுநாள் எங்கே இருந்தது என்பதை வைத்துத்தான் ஒரு திருச்சபையை எடைபோட முடியும்.

நான் இதையெல்லாம் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவனாக எழுதுகிறேன். மிஷன் நமக்கு என்ன கொடுத்தது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் கொடுத்தது, செவிலியர் வேலை கொடுத்தது, நிமிர்ந்து நிற்க ஒரு பெயர் கொடுத்தது. என்ன கொடுக்கவில்லை என்பதும் தெரியும். கல்லறைத் தோட்டத்துச் சுவரைத் தமிழ்நாட்டுத் திருச்சபை இன்றுவரை எல்லா ஊரிலும் இடித்து முடிக்கவில்லை. செத்த பிறகும் சாதி பிரித்துப் புதைக்கும் கிறிஸ்தவத்தை நாம் பார்த்தவர்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் பெயரால் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை இன்றும் கிடையாது. 'மதம் மாறியாச்சு, இனி சாதி ஏது' என்கிறது அரசு. 'நமக்குள்ள சாதி இல்லையே' என்கிறது சபை. ஊர் மட்டும் எதையும் மறக்கவில்லை. 'இங்கே ரோமாவும் இல்லை, வெள்ளையரும் இல்லை, எல்லாரும் தேவனுடைய பிள்ளைகள்' என்ற பிரசங்கத்தை ஸ்லோவாக்கியாவில் கேட்கும் ரோமாவுக்கும் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அதே பேருந்து நிலையம், அதே பார்வை.

அதற்காக மதமாற்றமே வீண் என்று நான் சொல்லவில்லை. அம்பேத்கர் 1935இல் இயோலாவில் அறிவித்து, 1956இல் நாக்பூரில் செய்ததும் மதமாற்றம்தான். ஆனால் தம் மக்கள் அசுத்தமாக இருந்ததால் அவர்களைச் சுத்தப்படுத்த அவர் மதம் மாறவில்லை. அவர்களை அசுத்தம் என்று சொன்ன ஒழுங்கை நிராகரிக்க மாறினார். குற்றவாளி யார் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. மதமாற்றத்தில் நான் தேடுவது இந்த வேறுபாட்டைத்தான். 'நான் கெட்டவன், என்னை மாற்று' என்று தொடங்கும் மாற்றம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றலாம். 'என்னைக் கெட்டவன் என்று சொன்ன உன் ஒழுங்குதான் கெட்டது' என்று சொல்லத் தெரிந்த மாற்றம்தான் ஒரு மக்களை விடுவிக்கும்.

ஆகவே ஊழியக்காரர்களிடம் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. பிரசங்க மேடையில் ரோமா நிற்கிறாரா, பண நிர்வாகத்தில் ரோமா இருக்கிறாரா? ஜூஜேயும் டெகெஷும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்களா, பெண் கொடுத்து எடுக்கிறார்களா? ஊர்த்தலைவரைப் பார்க்கப் போகும்போது 'எங்கள் ஆட்கள் இப்போது குடிப்பதில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறீர்களா, 'அந்தச் சுவரை எப்போது இடிப்பீர்கள்' என்றும் கேட்கிறீர்களா?

குடிப்பவனுக்கும் தண்ணீர்க் குழாய் வேண்டும். கோயிலுக்குப் போகாதவளின் பிள்ளைக்கும் எல்லாரோடும் ஒரே வகுப்பறை வேண்டும். மரியாதை, நன்னடத்தைக்குக் கொடுக்கும் பரிசல்ல. ரோமா திருந்துவது அவர்கள் பாடு. ஒஸ்ட்ரோவனியில் சுவர் கட்டியவர்கள் எப்போது மனம் திரும்பப் போகிறார்கள்? கத்தோலிக்க நாட்டில் ஊழியம் செய்ய வேண்டிய இடம் அவர்கள் வீடுதான். அந்தக் கதவை யாராவது போய்த் தட்டுங்கள்.